பசுமைப் பொருளாதாரத்துக்கு மாறுவது கட்டுப்படியாகுமா?

கேட்டவர்: சந்தேகசாமி

மாறுவது நல்லது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் லட்சம் கோடி டாலர் கணக்கில் செலவு என்கிறார்கள். அவ்வளவு பணம் எங்கே இருக்கிறது? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'பூமித்தாயைக் காப்போம்' ரகப் பதில் வேண்டாம்.

கடன்மேசை:

மின்திட்டங்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பணம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024-இல் உலக எரிசக்தி முதலீடு முதல்முறையாக 3 லட்சம் கோடி டாலரைத் தாண்டும், அதில் சுமார் 2 லட்சம் கோடி தூய எரிசக்திக்கு என்று சர்வதேச எரிசக்தி முகமை கணித்தது.

இடிப்பது வட்டி. நிலக்கரி ஆலை என்றால் எரிபொருளை அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாம். சூரிய மின்னாலைக்கு வெயில் இனாம். ஆனால் 25 வருஷ மின்சாரத்துக்கான காசில் பெரும்பகுதியை முதலிலேயே கொட்டியாக வேண்டும். 100 டாலர் கடனை 25 வருஷத் தவணையில் அடைக்க, 5% வட்டியில் வருஷத்துக்கு 7.10 டாலர். 12% என்றால் 12.75. அதே சூரியத் தகடு, அதே வெயில்! வளரும் நாடுகள் பலவற்றில் வட்டி உண்மையிலேயே இப்படித்தான், பணக்கார நாடுகளைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வெயில் போதுமா என்று எங்கள் மேசையில் யாரும் மல்லுக்கட்டுவதில்லை. மின்சாரம் வாங்குபவர் ஒழுங்காகப் பணம் கட்டுவாரா, உள்ளூர் நாணயம் சரிந்தால் டாலர் கடன் யார் தலையில்? கோப்பு தூங்குவது அங்கேதான்.

இருட்டுக்கடை:

தகடு மலிவு, சரி. ராத்திரிக்கு? பேட்டரி, மின்பாதை செலவெல்லாம் யார் கணக்கில்?

கடன்மேசை:

சேர்த்துத்தான் பார்க்கணும். அதுவும் முதலிலேயே போடும் காசு என்பதால் வட்டி அங்கேயும் கடிக்கும். 2023-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி கடலோரத்தில் இரண்டு காற்றாலைத் திட்டங்களை டென்மார்க் மின் நிறுவனமான ஓர்ஸ்டெட் கைவிட்டதற்கு வட்டி உயர்வும் ஒரு காரணம். பணக்கார நாட்டிலேயே இந்தக் கதை.

சந்தேகசாமி:

பெட்ரோல், டீசல் மானியத்தை நிறுத்தி இதற்குத் திருப்பினால்?

கடன்மேசை:

காகிதத்தில் பிரமாதம். பன்னாட்டு நாணய நிதியக் கணக்குப்படி 2022-இல் நிலக்கரி, எரிவாயு எல்லாம் சேர்த்து உலக அளவில் நேரடி மானியம் மட்டுமே 1.3 லட்சம் கோடி டாலர். ஆனால் ஈக்வடார் 2019-இல் எரிபொருள் மானியத்தை ஒரே ஆணையில் வெட்டியது. தெருவில் வெடித்த போராட்டத்தில் இரண்டு வாரத்துக்குள் ஆணையைத் திரும்பப் பெற்றது. பேருந்துக் கட்டணம் இன்றைக்கே ஏறும், காற்றாலை வர வருஷங்கள் ஆகும். ஜனம் சும்மா இருக்குமா? என்னைக் கேட்டால், நஷ்டம் வந்தால் முதல் அடியை உலக வங்கி மாதிரியான வளர்ச்சி வங்கிகள் தாங்கட்டும். அந்த உத்தரவாதம் கையில் இருந்தால் நானே வட்டியைக் குறைத்து எழுதுவேன்.