15 வயசுலயே தெரிஞ்சிருமா?

சங்ககிரி லாரிக்காரர் மகன்:
நேத்து செவ்வாய்ப்பேட்டை அண்ணன் எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "மெத்து (மெத்தம்பெட்டமின்), கொக்கெய்ன்னு ஊக்கப் போதைக்கு அடிமையாகுறவன் எல்லாம் ஆளுமைக் கோளாறோட, அதாவது குணமே நிரந்தரமாக் கோணிப்போற மனக்கோளாறோட பொறந்தவன், 15 வயசுலயே தெரிஞ்சிரும், போதைங்கறது சும்மா சாக்கு"ன்னு எழுதியிருக்காரு. எங்க பெரியப்பா பையன் 15 வயசுல கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுல நின்ன கால் உக்காராம கூழ் ஊத்துனவன். குஜராத் லோடு ஓட்டுறப்ப, கண்ணசராம இருக்கன்னு யாரோ குடுத்த பொடியில ஆரம்பிச்சது. இதுல பொறவிக் குணம் எங்க வந்தது?

செவ்வாய்ப்பேட்டை:
தம்பி, படபடக்காதீங்க. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல வெளியிட்ட டிஎஸ்எம்-5ங்கற மனநோய்க் கையேட்டுலயே இருக்கு, 15 வயசுக்கு முன்னாடியே நடத்தைக் கோளாறு, அதாவது அடிதடி, திருட்டு, பொய்னு விதி மீறுற பழக்கம் இருந்திருக்கணும்னு. கூழ் ஊத்துனா நல்லவனா?

சங்ககிரி லாரிக்காரர் மகன்:
15க்கு முன்னாடி இருந்திருக்கணும். அவனுக்கு இல்ல. உங்க புத்தகமே உங்களுக்கு எதிரா நிக்குது.

அஸ்தம்பட்டி நர்ஸ் அக்கா:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. அந்த 15 வயசு விதி சமூக விரோத ஆளுமைக் கோளாறுக்கு, அதாவது அடுத்தவங்க உரிமையை மதிக்காம மிதிக்கிற கோளாறுக்கு மட்டும். அந்தப் பேரையும் 18 வயசு ஆனவங்களுக்குத்தான் வைக்கலாம். உணர்ச்சியும் உறவும் நிலையா நிக்காத எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்கு அந்த விதியே கிடையாது. ஊக்கப் போதைக்காரங்கள்ட்ட இந்த ரெண்டும் மத்தவங்களை விட அதிகமாத் தென்படுது, அது நெசம். யோசிக்காம சட்டுனு எறங்குற குணம் கோளாறு, போதைப் பழக்கம்னு ரெண்டு பக்கமும் இருக்கு. ஆனா மெத்து மூளையில டோபமினுங்கற ரசாயனத்தை அள்ளிக் கொட்ட வைக்கும். தூக்கம் போயிரும், சந்தேகம் வரும், ஆளே வேற மாதிரி ஆயிருவாங்க. அது தெளியாம கோளாறுன்னு எழுதக் கூடாது.

சங்ககிரி லாரிக்காரர் மகன்:
அதைத்தான் அக்கா நானும் கத்துறேன்! அவனைச் சேர்த்த இடத்துல மூணாம் நாளே எழுதிட்டாங்க. மூணு ராத்திரி தூங்காதவன், சாம்பார்ல வெசம் வெச்சுட்டாங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தவன். எட்டு மாசமா பொடியைத் தொடல, பழையபடி ஆயிட்டான். ஆனா அந்தச் சீட்டைப் புடிச்சுக்கிட்டு மாமியார் வீட்ல இன்னும் புள்ளையைக் கண்ணுல காட்ட மாட்டேங்குறாங்க.

செவ்வாய்ப்பேட்டை:
அக்காவே அதிகம்னு சொல்லிட்டாங்க, என் பேச்சு நின்னுருச்சு. சங்ககிரில எத்தனை லாரி ஓடுது? எல்லா டிரைவரும் பொடியா போடுறாங்க? உங்க அண்ணன் மட்டும் ஏன்?

சங்ககிரி லாரிக்காரர் மகன்:
டிரைவருங்களைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஸ்டியரிங் புடிச்சுப் பாருங்க. எங்கப்பா 31 வருசம் ஓட்டுனாரு.

ஏற்காடு தோட்டம்:
எங்க சேர்வராயன் மலைக் காப்பியில இருக்கறதும் ஊக்கப் பொருள்தான். காலையில காப்பி இல்லாட்டி எனக்குத் தலை வெடிக்குது. எனக்கும் பொறவிக் கோளாறுங்களா?

செவ்வாய்ப்பேட்டை:
வந்துட்டாருய்யா. போன மாசம் மல்கோவா விவாதத்துல பதில் சொல்ல முடியாம போனவரு நீங்கதானே?

ஏற்காடு தோட்டம்:
பதில் சொல்ல முடியாம இல்ல. மரியாதை இல்லாத எடத்துல பேசல.

அஸ்தம்பட்டி நர்ஸ் அக்கா:
காபீனை நிறுத்தினா வர்ற தலைவலி டிஎஸ்எம்-5ல இருக்கு, அடிமைத்தனத்தை மட்டும் முழு நோயாச் சேர்க்கல. காப்பியையும் மெத்தையும் ஒரே தராசுல வைக்காதீங்க. மெத்துக்குன்னு அங்கீகரிச்ச மாத்திரையே இன்னும் கிடையாது. பேச்சு சிகிச்சைதான், கூடவே வீட்டாளுங்க நிக்கணும். அந்தப் பையன் புள்ளையைப் பாக்குறது முக்கியமா, உங்க 15 முக்கியமா?

செவ்வாய்ப்பேட்டை:
15 முக்கியம்தான். அதுல நான் எறங்க மாட்டேன்.

சங்ககிரி லாரிக்காரர் மகன்:
அவனோட பத்தாம் வகுப்பு டிசி எங்க வீட்டு பீரோவுல இருக்கு. நடத்தை "நன்று"ன்னு போட்டிருக்கு. நாளைக்குப் படம் எடுத்துப் போடுறேன்.

செவ்வாய்ப்பேட்டை:
டிசில எல்லாருக்கும் நன்றுதான் எழுதுவாங்க.

சங்ககிரி லாரிக்காரர் மகன்:
அப்ப உங்க டிசியையும் போடுங்க.