இலையுதிர் காலத் தொடக்கம்: பெரிய ஏரியில் பாஸ் மீனை எங்கே தேடுவது?

கேள்வி: மேல்நீர் 19 டிகிரி செல்சியஸ். கோடையில் 9 மீட்டர் ஆழத்தில் தூண்டிலைக் கடித்த பாஸ் (சிறு மீன்களை வேட்டையாடும் நன்னீர் மீன்) இப்போது அங்கே இல்லை. எங்கே போயிருக்கும்?

பதில் 1: ஆழத்தை விடுங்க, பொடிமீன் கூட்டத்தைத் தேடுங்க. நீர் குளிரக் குளிர அது ஓடை வந்து சேரும் குடாக்களுக்குள் நகரும், பாஸ் பின்னாலேயே போகும். காற்று மோதும் கரையோரம் 1 முதல் 4 மீட்டர் ஆழத்தில் வீசிப் பாருங்க. செயற்கை இரை அந்தப் பொடிமீன் அளவுக்கே, 5–7 செ.மீ. இருக்கட்டும். பெரிசா போட்டா பின்தொடர்ந்து வந்துட்டுத் திரும்பிடும்.

பதில் 2: சோனாரில் (ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி) உணர்திறனைக் கூட்டினா நடுநீரில் மங்கலான கோடு தெரியும். வெதுவெதுப்பான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் பிரியும் இடம் அது. கோடைக் கடைசியில் பல ஏரிகளில் அதுக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைவு, தூண்டில் இறக்குவது வீண்.

பதில் 3: பழுத்து அழுகும் நீர்ச்செடிகளையும் தவிர்த்திடுங்க, அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். பச்சையா நிக்கிற செடி ஓரம்தான் சரி.