ஆணி நிற்காத சுவரில் ஓவியக் கண்காட்சி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: தாவரவியல் டீச்சர்

வணக்கம். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் பாதையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். போன வருடம் நுண்கலை மன்றப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எங்களிடம் ஓவியத் துறை கிடையாது. ஆனால் வரைகிற பிள்ளைகள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள், ரெக்கார்டு நோட்டு திருத்தும்போதே தெரியும். பூவை வரையச் சொன்னால் காம்பில் ஏறுகிற எறும்பையும் சேர்த்து வரைந்து வருகிற பிள்ளைகள்.

பழைய தட்டச்சு அறையைக் காலி செய்து, இனி இதுதான் ஓவியக் கூடம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். 24க்கு 16 அடி. ஒன்றரை அடி கனமுள்ள பழைய சுண்ணாம்புச் சுவர். மேற்கே இரண்டு பெரிய ஜன்னல். பொங்கலுக்கு முன் முதல் கண்காட்சி வைத்தோம். கொடுத்த பிள்ளைகள் மனம் நோகக் கூடாதே என்று வந்த 43 படத்தையும் மாட்டினேன்.

ஆணி அடித்தால் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்கிறது. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. வணிகவியல் இரண்டாம் ஆண்டுப் பெண் வரைந்த பென்சில் படம் அது. அவள் அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறார், முகம் பாதிதான் தெரியும், கைதான் படம். தாளின் குறுக்கே நீளமாக ஒரு கீறல். அந்தப் பெண் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரு ரெக்கார்டு நோட்டின் அட்டையைக் கிழித்து, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பொறுக்கி வைத்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இன்றைக்கு வரைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

இன்னொரு வருத்தம். முதல் நாள் வகுப்பு வகுப்பாக அனுப்பினார்கள், கூட்டம் அலைமோதியது. மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டில் ஆறு கையெழுத்து, அதில் இரண்டு எங்கள் ஆய்வக உதவியாளர்கள். வெளியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அடுத்த கண்காட்சி பிப்ரவரியில். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. சுவருக்கு என்ன செய்வது, ஊர்க்காரர்களை எப்படி வரவைப்பது? ஓவியம் படித்தவள் இல்லை நான், விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பிரேம் கடை, வேலூர்

மேடம், 22 வருடமாகப் படத்துக்குச் சட்டம் போடுகிறேன். சாமி படம், கல்யாணப் படம்தான் அதிகம் வரும். ஆனாலும் பழைய வீட்டுச் சுவர் எனக்கு நன்றாகப் பழக்கம்.

படத்துக்கு ஓர் ஆணி என்று அந்தச் சுவரில் அடிக்கவே அடிக்காதீர்கள். கூரைக்கு ஓர் அடி கீழே, சுவர் நீளத்துக்கும் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு மரச்சட்டம் ஓட்டிவிடுங்கள். இரண்டடிக்கு ஓர் இடத்தில் துளை போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ முறுக்க வேண்டும். பிளக் சுண்ணாம்புப் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போனால்தான் பிடிக்கும், அதனால் நீளமான ஸ்க்ரூ வாங்குங்கள். டிரில் மிஷினை அடிக்கிற முறையில் வைக்காமல் சுற்றுகிற முறையில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள், பூச்சு உதிராது. ஒரு தடவை செய்தால் போதும். பிறகு எந்தக் கண்காட்சிக்கும் அந்தச் சட்டத்தில் எஸ் கொக்கி மாட்டிச் சங்கிலியில் தொங்கவிடலாம். தூண்டில் நரம்பு வேண்டாம், முடிச்சு நழுவும். ஒரு படத்துக்கு இரண்டு கொக்கி, இரண்டு சங்கிலி.

கண்ணாடிக்குப் பதில் 2 மி.மீ. அக்ரிலிக் போடுங்கள். விழுந்தாலும் நொறுங்காது. ஆனால் காய்ந்த துணியால் துடைத்தால் கோடு விழும், ஈரத்துணியால் மெதுவாகத் துடைக்கச் சொல்லுங்கள். தாள் அக்ரிலிக்கில் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை, இருக்க வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பூஞ்சை வரும். பின்பக்கம் ஆணி அடித்து மூடாமல் வளைகிற தகடு வைத்து மூடினால் ஒரே பிரேமில் வருடத்துக்கு மூன்று கண்காட்சி நடத்தலாம். ஒரே அளவில் இருபது செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி: ஓவிய வாத்தியார் (ஓய்வு)

அம்மா, கடைக்காரத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. நான் படங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓவியம் படிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். எழும்பூர் ஓவியக் கல்லூரியை 1850இல் தொடங்கியவரே அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர்தான். காய்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கிற ஹெர்பேரியம் தாளில் நீங்கள் செடியை எப்படி ஒட்டுவீர்கள்? முழுக்கப் பசை தடவ மாட்டீர்கள், மெல்லிய தாள் பட்டையால் அங்கங்கே பிடித்து வைப்பீர்கள். ஓவியத்துக்கும் அதே கை வேண்டும். படத்தின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு தாள் பட்டை, மாவுப் பசை, அவ்வளவுதான். தாள் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டினால் நடுவில் உப்பிவிடும். இரண்டு பக்கமும் ஒட்டுகிற செலோ டேப் பக்கம் போகவே போகாதீர்கள். பழுத்து மஞ்சள் கறை விடும், பிறகு எதனாலும் போகாது.

43 படம் அந்த அறைக்கு மிக அதிகம். 18 போதும். பிள்ளைகள் மனம் நோகும் என்பது புரிகிறது, முப்பது வருடம் பள்ளியில் இருந்தவன் நான். ஆனால் நெருக்கி மாட்டினால் 43 பேர் படத்தையும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். சின்னப் பையனாக இருந்தபோது வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்து வரைவேன். அப்போது அங்கே மூலவர் கிடையாது. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது. அதற்கு முன் பூஜை இல்லை, கூட்டம் இல்லை, வௌவாலும் நானும்தான். ஒரு யாளியை வரைய இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். அடுத்த தூண் கண்ணில் படாத இடமாகத் தேடித்தான் உட்காருவேன். பட்டால் கண் அங்கே ஓடிவிடும், கை நின்றுவிடும். பார்க்க வருகிறவர்களுக்கும் அப்படித்தான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விடுங்கள். மீதி 25 படத்தை அடுத்தடுத்த மாதம் மாட்டுங்கள், அறை உங்களுடையதுதானே.

உயரம்: படத்தின் மையம் தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருப்பது பல காட்சிக் கூடங்களின் வழக்கம். நம் பிள்ளைகளுக்கும் வயதான பெண்களுக்கும் 54 வைத்தால் கழுத்து வலிக்காது. 24 அங்குல உயரப் படம் என்றால் அதன் மேல் விளிம்பு 66இல் வரும். பெரிதோ சிறிதோ, எல்லாப் படத்துக்கும் மையம் ஒன்றாக இருக்கட்டும்.

வெயில்தான் எனக்குப் பெரிய கவலை. மேற்கு ஜன்னல் வெயில் கிழக்குச் சுவரில் விழும். வாட்டர்கலர், ஸ்கெட்ச் பேனா படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வரை என்பது அருங்காட்சியகக் கணக்கு. போனில் அளக்கிற ஆப் இருக்கிறது, நாலு மணிக்கு அந்தச் சுவர்ப் பக்கம் பிடித்துப் பாருங்கள், பல ஆயிரம் காட்டும். ஜன்னலுக்குக் காடா துணி இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். ஸ்கெட்ச் பேனாப் படங்களைக் கிழக்குச் சுவரில் வைக்கவே வேண்டாம், அந்தச் சாயம் சீக்கிரம் வெளுக்கும்.

அந்தப் பீடிப் படத்தை எறிந்துவிடவில்லையே? கீறலோடு மாட்டுங்கள் அம்மா. பெரிய மவுண்ட் போட்டு, வாசலுக்கு நேர் எதிரே.

ஊர்க்காரர்கள் வரவில்லை என்றீர்கள். 43 படத்தில் ஊர் எத்தனை படத்தில் இருந்தது? பிள்ளைகளிடம் கேட்டால் பனிமலையும் தென்னைமரமும் கிருஷ்ணரும் வரைவார்கள், இணையத்தில் அதுதான் கிடைக்கிறது. குடியாத்தம் கைத்தறி லுங்கி, பேரணாம்பட்டு தோல் ஷாப்பு (தோல் பதனிடுகிற இடம்), தண்ணீர் இல்லாத பாலாறு என்று வெளியே கூட்டிப்போய் உட்கார வையுங்கள். ஒரு நாள் மலையாம்பட்டுப் பக்கம் ஆர்மா மலைக்குக் கூட்டிப்போங்கள். குகைக்குள் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியம் இருக்கிறது. மழையும் புகையும் மனிதர் கையும் பட்டு இன்றைக்குத் திட்டுத் திட்டாகத்தான் மிச்சம். அதைப் பார்த்த பிள்ளை தன் படத்தை வெயிலில் வைக்காது.

பெரிய ஓவியர் என்றால் சென்னைக்காரர் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சந்தானராஜ் திருவண்ணாமலைக்காரர். 1989இல் பிரிகிற வரைக்கும் அதுவும் நம் வட ஆற்காடுதான். எழும்பூர் கல்லூரிக்கு முதல்வராகவே இருந்தார். இதை மாணவர்களிடம் சொல்லுங்கள்.

யாரை வரைந்தார்களோ அவர்களை அழையுங்கள். திறப்பு விழாவுக்கு அல்ல, அவர்களுக்கு வேலை இல்லாத நேரத்தில்.

மறுமொழி: பேரணாம்பட்டுப் பெண்

டீச்சர், நீங்கள் எந்தக் கல்லூரி என்று தெரியாது. நான் படித்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் படம் மாட்டியிருந்தபோது அப்பாவை வரச் சொன்னேன். ஷாப்பில் அரை நாள் லீவு போட்டு வந்தார். வாசலில் செக்யூரிட்டி, யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் துறை, போன் பண்ணச் சொல்லுங்கள் என்றார். நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன், போன் வெளியே பையில். ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். செக்யூரிட்டி அண்ணன் மேல் தப்பு இல்லை, அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றார்.

அதனால் முதலில் வாசலைப் பாருங்கள். ‘ஓவியக் கண்காட்சி, யாரும் வரலாம்’ என்று தமிழில் பெரிதாகக் கேட்டில் எழுதி வையுங்கள். செக்யூரிட்டியை முதல் ஆளாக உள்ளே கூட்டிப்போய்ப் படங்களைக் காட்டுங்கள். அவர் பார்த்திருந்தால்தான் வருகிறவர்களுக்கு வழி சொல்வார். ஞாயிற்றுக்கிழமை திறந்து வைக்க முடியுமா? எங்கள் பக்கம் தோல் ஷாப்புக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் ஓய்வு.

படத்துக்குக் கீழே வைக்கிற சீட்டிலும் தமிழ் வேண்டும். பெயர், வகுப்பு, வண்ணம், அளவு எல்லாம் சரி, எங்கே உட்கார்ந்து வரைந்தது என்று ஒரு வரி சேர்த்தால் என் அப்பா மாதிரி ஆட்கள் நின்று படிப்பார்கள்.

மறுமொழி: தாவரவியல் டீச்சர்

மூன்று பேருக்கும் நன்றி. வேப்பமரத்தடி என்று படித்ததும் எங்கள் கேட்டைத்தான் நினைத்தேன். அங்கேயும் ஒரு மரம் இருக்கிறது. ஞாயிறு திறக்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐயா, அந்தப் படம் பத்திரமாக என் ஹெர்பேரியம் அலமாரியில் இருக்கிறது.

மறுமொழி: தாவரவியல் டீச்சர்

பிப்ரவரி கண்காட்சி முடிந்தது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இரண்டு நீளச் சுவருக்கும் மரச்சட்டம் ஓட்டினோம். 8,000இல் பாதிக்குமேல் அதற்கே போய்விட்டது, அதனால் பிரேம் 12தான் செய்ய முடிந்தது. மீதி ஆறு படத்தை மவுண்ட் அட்டையோடு மட்டும் தொங்கவிட்டோம். ஒன்றும் விழவில்லை. காடா துணி கட்டியதும் நாலு மணிக்கு அறையே பால் மாதிரி ஆகிவிட்டது. ஆர்மா மலைக்குப் போக முடியவில்லை, பஸ் கிடைக்கவில்லை. பாலாற்றுக்குப் போனோம். ஒரு பையன் மணலில் தோண்டிய ஊற்றுக் குழியை மட்டும் நாலு தாளில் வரைந்திருந்தான். அதில் இரண்டை மாட்டினேன். இடம் கிடைக்காத பிள்ளைகளில் இரண்டு பேர் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் படம் ஜூலையில் வருகிறது, தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்றரை வரை திறந்தோம். வெளியிலிருந்து 31 பேர். செக்யூரிட்டி அண்ணன் தன் பேரனைக் கூட்டி வந்தார்.

அந்தப் பெண்ணின் அம்மாவும் தெருவில் இருக்கிற நாலு பெண்களும் வந்தார்கள். வாசலுக்கு நேர் எதிரே படம். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள், கையைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. கிட்டப்போய், கீறலை விரலால் தொடப் போனவர் அக்ரிலிக் தட்டுப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: “முறத்துல கத்திரியக் காணோமே, எலைய எதால வெட்டுவேன்?”

அவள் என்னைப் பார்த்தாள். பின்பக்கத் தகட்டை வளைத்துப் படத்தை வெளியே எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் தரையிலேயே உட்கார்ந்தாள். அம்மா பையிலிருந்து தன் கத்திரியை எடுத்து, முறத்தில் எப்படிச் சாய்ந்து கிடக்குமோ அப்படி அவள் முன்னால் வைத்தார். கைப்பிடியில் துணி சுற்றிய கத்திரி. அந்தத் துணியையும் வரைந்து முடித்த பிறகுதான் படத்தைத் திரும்ப மாட்டினோம்.