மெக்னீசியம் 6, ஆக்சிஜன் 5: எங்கே தப்பு?

கயல்_பிளஸ்ஒன்:
மெக்னீசியம் நாடாவை எரிச்சு, வர்ற ஆக்சைடோட எளிய விகித வாய்ப்பாடு (அணுக்கள் எந்த எளிய விகிதத்தில் சேர்ந்திருக்குன்னு காட்டுறது) கண்டுபிடிக்கும் சோதனை. மூடியோடு குரூசிபிள் (சூடாக்கும் சின்னக் கிண்ணம்) 24.16 கிராம், நாடா போட்டதும் 24.40, எரிச்ச பிறகு 24.53. அப்போ மெக்னீசியம் 0.24, ஆக்சிஜன் 0.13. அணு நிறையால் வகுத்தால் 0.24/24.3 = 0.0099, 0.13/16 = 0.0081. விகிதம் 1.2. ஐந்தால் பெருக்கினா 6:5! பக்கத்து பெஞ்சுல 1.2-ஐ 1 ஆக்கி மார்க் வாங்கிட்டாங்க. எனக்கு மனசு வரலை. கணக்கு தப்பா?

ஓய்வு_வாத்தியார்:
கணக்கு சரிதாம்மா, எடையிலதான் கோளாறு. 0.24 கிராம் முழுசா ஆக்சைடு (MgO, அதாவது 1:1) ஆனா 0.40 வரணும். உனக்கு 0.37. மூடியை எவ்வளவு தூக்கினே? வெள்ளையா வெளியே போனது வெறும் புகைன்னு நினைக்காதே, அது உன் ஆக்சைடு.

இன்னொரு திருடன் நைட்ரஜன். காத்து பத்தாதபோது மெக்னீசியம் அதோடும் சேர்ந்து நைட்ரைடு ஆகும், எடை குறையும். ஆறினதும் நாலு சொட்டுத் தண்ணி விட்டு மறுபடி நல்லா சூடாக்கு. அமோனியா கிளம்பும், ஈரச் சிவப்பு லிட்மஸ் நீலமாகும், மிச்சம் ஆக்சைடாகும்.

1.2-ஐ 1 ஆக்கினவங்க, இரும்பு 69.94%, ஆக்சிஜன் 30.06% கொடுத்தா, ஒரு இரும்புக்கு 1.5 ஆக்சிஜன்னு வர்ற அந்த 1.5-ஐ 2 ஆக்குவாங்க. இரண்டால் பெருக்கணும், 2:3. அதுதான் துரு நிற இரும்பு ஆக்சைடு.

வடக்கன்_யாழ்:
நாங்கள் இதை அனுபவச் சூத்திரம் எண்டுதான் படிச்சனாங்கள். தங்கச்சி, உங்கட தராசு இரண்டு தசமம்தானே? 0.13 இல 0.01 பிசகினாலே விகிதம் 1.1க்கும் 1.3க்கும் இடையில ஆடும். நாடாவைக் கூடப் போடுங்கோ. உப்புத்தாளால தேய்ச்சனீங்களோ? பழைய ஆக்சைட்டையும் மெக்னீசியமா நிறுத்திருப்பியள்.

கயல்_பிளஸ்ஒன்:
தேய்க்கலை அண்ணா! புகையும் வந்துச்சு, வேடிக்கை பார்க்க மூடியை முழுசா திறந்துட்டேன்.

இன்னிக்கு லேப்ல கெஞ்சி மறுபடி செய்தேன். நாடா 0.36, மூடியை லேசா மட்டும் தூக்கினேன், தண்ணிச் சொட்டும் விட்டேன். லிட்மஸ் நீலமாச்சு, மூக்கும் எரிஞ்சுது. கடைசியில் 0.59. ஆக்சிஜன் 0.23, விகிதம் 1.03.

ஓய்வு_வாத்தியார்:
இதை 1 ஆக்கலாம். சூடா இருக்கும்போதே தராசில் வைக்கலையே? சூடான குரூசிபிள் எடை குறைச்சுக் காட்டும்.

கயல்_பிளஸ்ஒன்:
முதல் தடவை வெச்சேன் சார்...