அப்பாவுக்கு சிபிஆர் வேண்டாம்னு கையெழுத்துப் போடலாமா?

மேலூர்க்காரி:
அப்பாவுக்கு 86 வயசு. ஹார்ட் பம்பிங் 25 சதவீதம்தான், கிட்னி எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டற கிரியாட்டினின் 4-ஐத் தாண்டியாச்சு. நேத்து ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இதயம் நின்னா சிபிஆர், அதாவது நெஞ்சை அமுக்கிப் பாக்கணுமா, மூச்சுக்கு டியூப் போடணுமா, வீட்ல பேசிச் சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டார். துபாய்ல இருக்கற அண்ணன் "எல்லாமே பண்ணச் சொல்லு"ங்கறான். அம்மா வாயே திறக்கல. வேண்டாம்னு கையெழுத்துப் போட்டா மத்த வைத்தியத்தையும் நிறுத்திடுவாங்களா?

நைட் டூட்டி:
நிறுத்த மாட்டாங்க. நான் ஐசியூ நர்ஸ். ஆக்சிஜன், நீர் பிரிய வைக்கற லேசிக்ஸ், ஆன்டிபயாடிக், வலி மருந்து எல்லாம் ஓடும். இதயம் நின்னா அமுக்க மாட்டாங்க, அவ்வளவுதான். ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2020-ல வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்லுது.

சிபிஆர் சினிமால காட்டற மாதிரி இருக்காதுங்க. நெஞ்சு 5 செ.மீ. உள்ள போகணும், நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை. வயசானவங்களுக்கு விலா எலும்பு விட்டுப் போறது நம்ம உள்ளங்கைக்கே தெரியும். அமெரிக்காவுல 65 வயசுக்கு மேல உள்ளவங்களை வச்சு எடுத்த பெரிய கணக்குல, ஆஸ்பத்திரியிலயே சிபிஆர் கிடைச்சும் உயிரோட டிஸ்சார்ஜ் ஆனது நூத்துக்கு 18 பேர்தான். அதுல எல்லாரும் பழையபடி எழுந்து நடக்கலை.

அதுக்காக வயசை மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க. அட்டாக்ல துடிப்பு தாறுமாறாகி, உடனே ஷாக் கொடுத்து, தானே நடந்து வீட்டுக்குப் போன பெரியவரையும் பாத்திருக்கேன். உங்க அப்பா நிலைமை வேற. இதயமும் கிட்னியும் சேர்ந்து தேஞ்சுக்கிட்டு வருது.

கோர்ட் குமாஸ்தா:
அண்ணன் சொன்னது, அம்மா சொல்லாதது எல்லாம் எழுதிட்டீங்க. அப்பா என்ன சொல்றார்? நினைவோட இருந்தா அவர்கிட்டதானே கேக்கணும்! கடைசி காலத்துல எந்த வைத்தியம் வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்க சுப்ரீம் கோர்ட் 2018-லயே வழி விட்டாச்சு. அப்ப மாஜிஸ்திரேட் முன்னாடி கையெழுத்துன்னு இருந்துச்சு. 2023 ஜனவரியில அதைத் தளர்த்தி, ரெண்டு சாட்சியோட நோட்டரியோ கெசட்டட் ஆபீசரோ போதும்னுட்டாங்க.

மேலூர்க்காரி:
கேட்டேங்க. "மிஷின்ல போட்டுக் காசைக் கரைக்காதீங்கடி, இந்த மூச்சுத் திணறலுக்கு மட்டும் ஏதாவது பண்ணச் சொல்லு"ன்னார். இதைக் கேக்க எனக்குத்தான் இத்தனை நாள் தைரியம் வரலை போல, அவர் சாதாரணமாத்தான் சொன்னார். அண்ணனை வீடியோ கால்ல அப்பாகிட்டயே பேச வைக்கப் போறேன்.

நைட் டூட்டி:
நல்லது. திணறலுக்குக் குறைஞ்ச அளவு மார்ஃபின் உண்டு, டாக்டர்கிட்ட கேளுங்க. முடிவு எதுவானாலும் கேஸ் ஷீட்ல டாக்டர் கையெழுத்தோட ஏறணும். வாய்ப் பேச்சா விட்டா ராத்திரி டூட்டி டாக்டருக்குத் தெரியாது, அமுக்க ஆரம்பிச்சிடுவார். டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியிலயும் எழுதி வாங்கிக்கோங்க.