மறு: நுழைவு வளைவு நிதி – குளத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்

சங்கத்து எல்லாருக்கும் வணக்கம்.

ஊர் முகப்பில் நுழைவு வளைவு கட்டத் தலைக்கு 25,000 ரூபாய் என்று தலைவர் மாமா எழுதின மடலுக்கு இதுவரை பதினான்கு பதில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன். உடனே பதில் போடாததற்குக் காரணம், அப்போது நான் ஊரில் இருந்தேன். பெரியப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போய் ஒன்பது நாள் தங்கினேன். அதில் மூன்று நாள் விடியற்காலையில் குளத்துக்கரையில் நடந்தேன். பார்த்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு வளைவைப் பற்றிப் பேசுவோம்.

குளத்தில் இருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மூன்று மடையில், நடு மடையின் ஷட்டர் கம்பி துருப்பிடித்து ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது. திருகுகிற சக்கரத்தைக் காணோம், யாரோ கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றார்கள். ஷட்டர் பாதி திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் சாக்கைத் திணித்து அடைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் கரை போன இடத்தில் அன்றைக்கு அவசரத்துக்கு அடுக்கின மணல் மூட்டைகள்தான் இன்னும் இருக்கின்றன. சாக்கு கிழிந்து மண் சரிந்து, அதன் மேல் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. குளத்துக்குள் தண்ணீர் தெரியவில்லை, ஆகாயத்தாமரைதான் தெரிகிறது. தெருச் சாக்கடை இரண்டு இடத்தில் நேராக உள்ளே விழுகிறது.

இதையெல்லாம்கூடச் சரி செய்துவிடலாம். எனக்குத் தூக்கம் போனது மறுகாலை, குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற ஓடையை, பார்த்துத்தான்.

சின்ன வயதில் மறுகால் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டோம். சித்தி சேலை முந்தானையை விரித்துக் கெளுத்தி பிடிப்பாள். அந்த ஓடையைக் காலடி வைத்து எண்ணினால் பதினெட்டு எட்டு. இந்தத் தடவை எண்ணினேன், ஏழு எட்டில் தாண்டிவிட்டேன். மீதி இடத்தில் கட்டட இடிபாடும் ஒரு சுற்றுச்சுவரும். சுவர் யாருடையது என்று நான் எழுதப் போவதில்லை. இந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும், அவரும் இதைப் படிப்பார். அத்தான், தம்பி இன்ஜினியரிங் சேர்ந்தபோது நீங்கள் செய்த உதவியை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அதனால்தான் உங்கள் வீட்டுக்கே வந்து சொல்ல நினைத்தேன், நீங்கள் அன்றைக்கு ஊரில் இல்லை. அந்தச் சுவரை நீங்களாகவே உள்ளே தள்ளிக் கட்டினால் அதைவிடப் பெரிய நன்கொடை இந்தச் சங்கத்துக்கு வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இது புரியாமல் இருக்கலாம், அவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கடைசியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் கட்டினவை. ஐந்தாவதான பழவூரில் பிரிகிறது பாளையங்கால்வாய். மேலப்பாளையம், பாளையங்கோட்டை எல்லாம் தாண்டி, வழியில் ஒவ்வொரு குளமாக நிரப்பிக்கொண்டுதான் நமக்கு வரும். நாம் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர். மேலே இருக்கிறவன் குடித்த மிச்சம்தான் நமக்கு என்று தாத்தா சொல்வார். அப்பா பேப்பர் வந்ததும் முதலில் பார்ப்பது பாபநாசம் அணை நீர்மட்டம். 143 அடியில் எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். கார் போக நெல் நட முடியுமா, அடுத்த பிசான போகத்துக்கு மட்டும் நம்பலாமா என்று அந்த ஒரு எண்ணிலேயே கணக்குப் போட்டுவிடுவார்.

பஞ்சத்தில் கடைசியாகத் தண்ணீர் வருகிற ஊருக்கு, வெள்ளத்தில் எல்லாக் குளத்துத் தண்ணீரும் சேர்ந்து வரும். 1992 நவம்பரில் ஆற்றில் அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது நம்ம குளம் தாங்கியது. கரை பலமாக இருந்தது என்பது மட்டும் காரணம் இல்லை. மறுகால் பதினெட்டு எட்டு அகலம் இருந்தது. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற வேலை பார்த்த நீர்பாய்ச்சி தாத்தா மூன்று மடையையும் முன்கூட்டியே திறந்து வைத்திருந்தார். அவருக்கு அப்போதெல்லாம் ஒவ்வொரு வயலில் இருந்தும் களத்திலேயே நெல் அளந்து கொடுப்போம். எந்த வயலுக்கு எத்தனை மரக்கால் என்று எங்கள் தாத்தா நோட்டு வைத்திருந்தார். 1980-ல் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) வேலையை அரசாங்கம் எடுத்த பிறகும் அந்த நோட்டை எழுதிக்கொண்டுதான் இருந்தார். பரணில் இருந்து அதை எடுத்து வந்திருக்கிறேன். கடைசியாக நீர்பாய்ச்சிக்கு நெல் அளந்த வருஷம் 2004 என்று அப்பா கையெழுத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வயல் பிளாட் ஆகிவிட்டது, அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஜனங்களோடு மாட்டிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் மஸ்கட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன், லைன் கிடைக்கவில்லை. அன்றைக்கு நடந்ததை இந்தத் தடவைதான் நீர்பாய்ச்சி தாத்தா வாயால் கேட்டேன். யாரும் கூப்பிடாமல், கூலி இல்லாமல், எழுபது வயதுக்கு மேல், டார்ச் லைட்டோடு தனியாகக் கரைக்குப் போயிருக்கிறார். "சக்கரம் இல்ல தாயி, கம்பிய மட்டும் புடிச்சித் திருவுதேன், அது எங்க அசையுது" என்றார். பிறகு மேலத்தெருப் பையன்கள் வந்து கிழக்கு ஓரத்தில் கரையை வெட்டிவிட்டார்கள். மேலத்தெரு தப்பித்தது, எங்கள் வீடும் தப்பித்தது. தண்ணீர் முழுக்கக் கீழத்தெருவுக்குப் போனது.

அன்றைக்கு வேறு வழி இருந்ததா என்று கரையில் நிற்காத நான் சொல்லக் கூடாது. ஆனால் மறுகால் முழு அகலத்துக்கு இருந்து, மடை திறந்திருந்தால் கரையை வெட்ட வேண்டியே வந்திருக்காது. கீழத்தெருவில் இருந்து இந்தக் குழுவில் ஒருத்தரும் இல்லை. வெள்ள நிவாரணத்தில் அரிசியும் பாயும் கொடுத்தோம், படம் எடுத்துப் போட்டோம். யாரும் போய் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான் போனேன். ஒரு அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது, என் தோள் உயரத்துக்கு. வெள்ளை அடிக்கவில்லையா என்று கேட்டேன். "எதுக்கு, அடுத்த மழைக்கும் வரும்லா" என்றாள்.

சரி, இனி வந்த பதில்களுக்கு.

அபுதாபி அண்ணாச்சி நிவாரண நிதியில் மிச்சம் 1,12,000 எங்கே என்று நான்காவது தடவையாகக் கேட்டிருக்கிறார். அவரைக் கோபிக்காதீர்கள். கேட்பது நியாயம். பொருளாளர் வீட்டுக்குப் போய் பாஸ்புக்கைப் பார்த்தேன், பணம் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. பாஸ்புக் பக்கத்தையும் செலவு நோட்டையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். இந்தப் படத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே போட்டிருந்தால் இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தியிருக்காது.

சிங்கப்பூர் சித்தப்பா, நம்ம ஊர் அடையாளம் இல்லாமல் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அது வலிக்கிறது. 1994-ல் திருநெல்வேலி மாநகராட்சி வந்ததில் இருந்து நாம் ஒரு வார்டு எண். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பேரைச் சொன்னால் முழிக்கிறார், புதிதாக வந்த நகர் பேரைச் சொன்னால் ஏறச் சொல்கிறார். வளைவு வேண்டும் என்ற ஆசையை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள்தான் எங்களை சைக்கிளில் ஜங்ஷனுக்குக் கூட்டிப் போகும்போது ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, சுலோச்சன முதலியார் சொந்தச் செலவில் கட்டினது, 1843 என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அந்தப் பேரை நான் என் மகனுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் ஆற்றின் மேல் ஜனங்கள் நடக்க வழி செய்தார் சித்தப்பா.

அப்புறம் ஒரு விஷயம், இதை நான் என் சொந்த வருத்தமாகவே சொல்கிறேன். முப்பிடாதி அம்மன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வருஷா வருஷம் நான் பணம் அனுப்புகிறேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலைக்கட்டு, அதாவது ஊர் வரி கொடுக்கிற குடும்பக் கணக்கில் இடம், கிடையாது, அதனால் அது வரி இல்லை, நன்கொடை. நன்கொடைக்கு ரசீது உண்டு, கூட்டத்தில் பேச இடம் இல்லை. போன கொடையில் கல்வெட்டில் என் வீட்டுக்காரர் பேர் இருக்கிறது. அவர் தூத்துக்குடிக்காரர், நம்ம குளத்தில் ஒரு நாள் குளித்தது இல்லை. வளைவுக்கு மட்டும் "தலைக்கு" என்று என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். எண்ணினது நல்லது. அப்படியே முடிவு எடுக்கும்போதும் எண்ணுங்கள்.

நான் கேட்பது இதுதான். இந்த வருஷம் வளைவு வேண்டாம். குளம் நீர்வளத்துறையுடையது, நாமாக மண்வெட்டி எடுத்து இறங்க முடியாது, அது தெரியும். ஆனால் மறுகால் ஓடையை அளந்து கொடுக்கச் சொல்லி சர்வேயருக்கு மனு போடலாம், அதற்குக் கட்டணம் கட்டலாம். ஆக்கிரமிப்பை எடுக்க 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் போக வேண்டும். ஷட்டருக்கும் கரைக்கும் துறையிடம் அனுமதி வாங்கி, அவர்கள் செய்வதாக இருந்தால் செய்யட்டும், பணம் குறைகிறது என்றால் நாம் போடுவோம். நீர்பாய்ச்சி தாத்தாவுக்கும், அவர் கை காட்டுகிற ஒரு இளவட்டத்துக்கும் மழைக்காலம் மூன்று மாதமும் சம்பளம் கொடுப்போம். மிச்சம் கிடக்கிற 1,12,000-ல் அதை இந்த மாதமே தொடங்கலாம்.

என் 25,000 தயாராக இருக்கிறது. மடைக்கு என்று எழுதி அனுப்புவேன், வேறு எதற்கும் எடுக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி இந்திய நேரம் எட்டரைக்குக் கூட்டம் என்று போட்டிருக்கிறீர்கள், தலைவர் மாமா. கீழத்தெருவில் இருந்து மூன்று பேர் எண்களை அவர்களிடம் கேட்டே வாங்கி வந்திருக்கிறேன், உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். அவர்களையும் சேர்த்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குங்கள். ஐப்பசி பிறக்க இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது.

குளத்துப் படங்களும் சேர்த்து மொத்தம் ஒன்பது படம் இணைப்பில் இருக்கிறது. நான்காவதில் மடைப் பக்கத்தில் நிற்பது நீர்பாய்ச்சி தாத்தா. கம்பியைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை.

மேலத்தெரு கணக்குப்பிள்ளை வீட்டுப் பேத்தி
மஸ்கட்