சினாப்ஸில் கீகிளோக் வழி லாகின்: பழைய கணக்கு திறக்காமல் ‘1’ ஒட்டிய புதுக் கணக்கு உருவாகிறது. உதவி தேவை

வேர்முனை (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். அலுவலக அரட்டைக்கு மேட்ரிக்ஸ் சினாப்ஸ் சர்வர் ஓடுகிறது. 64 பேரும் எலிமெண்ட் செயலியில் இருக்கிறார்கள். இதுவரை எல்லாருக்கும் சினாப்ஸிலேயே தனிக் கடவுச்சொல். இனி எல்லாக் கணக்குகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் லாகினில் அடையாளம் சரிபார்க்கும் கீகிளோக் 26-ஐ நிறுவி, அதன் பின்னால் ஊழியர் கணக்குகள் உள்ள விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியை இணைத்திருக்கிறேன். கீகிளோக்கின் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், முன்னால், வெளிக் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ்.

லாகின் வேலை செய்கிறது. ஆனால் சோதனைக்காக முதலில் உள்ளே விட்ட 12 பேரும் காலியான கணக்குக்குள் போய் நிற்கிறார்கள். பழைய அறைகள், பழைய உரையாடல் எதுவும் இல்லை. பார்த்தால் @குமார் என்ற கணக்கு அப்படியே இருக்க, @குமார்1 என்று இன்னொன்று உருவாகியிருக்கிறது. ஆவணத்தைப் படித்துவிட்டு, சினாப்ஸின் அமைப்புகள் உள்ள ஹோம்சர்வர் கோப்பில் ஓஐடிசி (கீகிளோக் வழி லாகின் முறை) பகுதிக்குள் ‘அலவ் எக்ஸிஸ்டிங் யூசர்ஸ்’ (ஏற்கெனவே உள்ள கணக்கோடு இணைக்க அனுமதி) என்பதை ட்ரூ ஆக்கி சர்வரை மறுபடி தொடங்கினேன். அதற்குப் பின் வந்தவர்கள் சரியாகப் பழைய கணக்குக்குள் போகிறார்கள். அந்த 12 பேர் மட்டும் இன்னும் ‘1’ கணக்குக்கே போகிறார்கள். பிரவுசர் குக்கீகளை அழித்தும் பார்த்தாயிற்று.

கட்டளைவரி:

குக்கீக்கும் இதற்கும் தொடர்பில்லை. கீகிளோக்கிலிருந்து ஒருவர் வரும்போது சினாப்ஸ் முதலில் பார்ப்பது பயனர்பெயரை அல்ல. டோக்கனில் (கீகிளோக் தரும் அடையாளச் சீட்டு) வரும் ‘சப்’ என்ற அடையாள எண்ணைத்தான். அந்த எண் எந்தக் கணக்குக்குரியது என்பது ‘யூசர் எக்ஸ்டர்னல் ஐடிஸ்’ என்ற அட்டவணையில் இருக்கும். அங்கே பொருத்தம் இருந்தால் வேறெதையும் பார்க்காமல் அந்தக் கணக்கைத் திறந்துவிடும். இல்லாவிட்டால்தான் பயனர்பெயர் வார்ப்புருவைப் பார்க்கும். அந்தப் பெயரில் ஏற்கெனவே கணக்கு இருந்து, ‘அலவ் எக்ஸிஸ்டிங் யூசர்ஸ்’ ஃபால்ஸ் என்றும் இருந்தால், பெயரோடு 1 சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்கும். முன்னிருப்பு மதிப்பு ஃபால்ஸ்தான்.

உங்கள் 12 பேருக்கும் முதல் லாகினிலேயே அட்டவணையில் ‘1’ கணக்கின் பெயர் பதிந்துவிட்டது. பிறகு ட்ரூ ஆக்கினாலும் அந்தப் பதிவைத் தாண்டி அது போகாது. பதிவைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு குறுக்குவழி உண்டு. கீகிளோக்கில் எல்டாப் (ஆக்டிவ் டைரக்டரி) இணைப்பின் செயல் மெனுவில் ‘ரிமூவ் இம்போர்ட்டட்’ (கொண்டுவந்த பயனர்களை நீக்கு) கொடுத்து மறுபடி முழு ஒத்திசைவு செய்தால் எல்லாருக்கும் புது ‘சப்’ எண் கிடைக்கும், எல்லாரும் பழைய கணக்குக்குப் போவார்கள்.

சாவிக்கொத்து:

தயவுசெய்து அந்தக் குறுக்குவழியில் போகாதீர்கள். சினாப்ஸ் பக்கம் அது பலிக்கும், சரிதான். ஆனால் கீகிளோக்கில் அவர்கள் பதிந்துவைத்த ஓடிபி இரண்டாம்படிச் சரிபார்ப்பு, கையால் கொடுத்த ரோல்கள் எல்லாம் அந்தப் பயனரோடு சேர்ந்தே அழியும். விக்கி, கிட் சர்வர் என்று வேறு மென்பொருள்களையும் இதே கீகிளோக்கில் இணைத்திருந்தால் அவையும் அந்தப் பழைய எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கும். 12 பேருக்காக 64 பேரின் அடையாளத்தையும் மாற்றுவது வேண்டாத வேலை.

சினாப்ஸின் அட்மின் ஏபிஐ (நிர்வாகக் கட்டளைகளை அனுப்பும் இடைமுகம்) வழியாக ஒவ்வொன்றாக மாற்றுங்கள். 12 பேர்தான், அரை மணி நேர வேலை. சர்வர் அட்மின் உரிமையுள்ள கணக்கின் ஆக்சஸ் டோக்கன் (லாகின் ஆனதும் சினாப்ஸ் தரும் அனுமதிச் சீட்டு) ஒன்று தேவை. ஏபிஐ-யைச் சர்வருக்குள்ளிருந்தே 8008 போர்ட்டில் அழையுங்கள். அட்மின் பாதையை என்ஜின்எக்ஸ் வழியாக வெளியே திறந்துவைக்க வேண்டாம்.

வரிசை முக்கியம். முதலில் @குமார்1 கணக்குக்குப் புட் (மாற்றும்) கோரிக்கை அனுப்பி ‘எக்ஸ்டர்னல் ஐடிஸ்’ பட்டியலைக் காலியாக்குங்கள். அடுத்து @குமார் கணக்குக்கு அதே கோரிக்கை: ஆத் ப்ரொவைடர் என்ற இடத்தில் ‘ஓஐடிசி-கீகிளோக்’, எக்ஸ்டர்னல் ஐடி என்ற இடத்தில் கீகிளோக்கில் அந்தப் பயனரின் பக்கத்தில் காணும் 36 எழுத்து ஐடி. ஆத் ப்ரொவைடர் பெயரில்தான் பலர் தவறுகிறார்கள். கோப்பில் ஐடிபி ஐடி (கீகிளோக்குக்கு நாம் வைத்த பெயர்) ‘கீகிளோக்’ என்று மட்டும் இருக்கும். சினாப்ஸ் உள்ளுக்குள் அதன் முன் ‘ஓஐடிசி-’ சேர்த்துத்தான் சேமிக்கிறது. முன்னொட்டு இல்லாமல் கொடுத்தால் பிழை எதுவும் வராது, கோரிக்கை வெற்றி என்றே சொல்லும், ஆனால் லாகின் நேரத்தில் சினாப்ஸ் அந்தப் பதிவைப் பார்க்காது. வரிசையைத் தலைகீழாகச் செய்தால் 409 (மோதல்) பிழை வரும். ஒரே எண்ணை இரண்டு கணக்குகளில் வைக்க அது விடாது.

இவை முடிந்த பிறகே @குமார்1-ஐ டீஆக்டிவேட் செய்யுங்கள் (அதாவது கணக்கை மூடுங்கள்). முதலிலேயே டீஆக்டிவேட் செய்தால் தானாகச் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. டீஆக்டிவேட் செய்வது டோக்கன்களை, கருவிகளை, அறை உறுப்பினர் நிலையை அழிக்கும், ஆனால் அந்த எஸ்எஸ்ஓ (ஒற்றை லாகின்) இணைப்பை விட்டுவைக்கும். செத்த கணக்கோடு கட்டப்பட்ட எண் அப்படியே கிடக்கும்.

கட்டளைவரி:

ஓடிபி விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சாவிக்கொத்து சொன்ன வழியே சரி, என் குறுக்குவழியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மறையாக்கம் செய்த அறைகளில் இருப்பவர்கள் பழைய செயலியிலிருந்து வெளியேறும் முன் எலிமெண்டின் அமைப்புகளில் ரெகவரி கீயை (மீட்புச் சாவி) எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீகிளோக் வழியாக உள்ளே வருவது கணக்கை மட்டுமே திறக்கும். பழைய செய்திகளைத் திறக்கும் சாவி அவரவர் கருவியிலோ, ரெகவரி கீயால் பூட்டிய பேக்கப்பிலோதான் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் வெளியேறினால் அந்தச் செய்திகளை அட்மினாலும் மீட்க முடியாது.

வேர்முனை:

12 பேரும் பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டார்கள். முதல் ஆளுக்கு நானும் முன்னொட்டை விட்டுவிட்டுப் பிறகு சேர்த்தேன். நன்றி.

இப்போது அடுத்த சந்தேகம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஆக்டிவ் டைரக்டரியில் முடக்கினால் போதும் என்றுதான் இத்தனையும் செய்தேன். ஒரு சோதனைக் கணக்கை முடக்கினேன். கீகிளோக்கில் அது ‘டிஸேபிள்ட்’ என்று வந்துவிட்டது. ஆனால் கைபேசியில் ஏற்கெனவே திறந்திருந்த எலிமெண்டில் அந்தக் கணக்கு இன்னும் செய்தி அனுப்புகிறது. எதை விட்டுவிட்டேன்?

சாவிக்கொத்து:

நீங்கள் எதையும் விடவில்லை. இந்த அமைப்பே அப்படித்தான் இயங்குகிறது. இதைத் தெரியாமல் நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து. கீகிளோக் வாசல் காவலர் மாதிரி. உள்ளே விடும்போது ஒரு முறை அடையாளம் பார்க்கிறது. விட்ட பிறகு சினாப்ஸ் தன் சொந்த ஆக்சஸ் டோக்கனைக் கொடுத்துவிடும், கீகிளோக்கிடம் மறுபடி கேட்கவே கேட்காது. அந்த டோக்கனுக்கு முன்னிருப்பாகக் காலாவதி கிடையாது. கணக்கை முடக்கினால் புது லாகின் தடைபடும், பழையது ஓடிக்கொண்டே இருக்கும்.

பேக்சேனல் லாகவுட் என்ற வசதி உண்டு. சினாப்ஸ் கோப்பில் அதை இயக்கி, கீகிளோக்கின் கிளையண்ட் பக்கத்தில் அதற்கான முகவரியைக் கொடுத்தால், கீகிளோக்கில் ஒரு செஷனை முடிக்கும்போது சினாப்ஸிலும் அது முடியும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. கீகிளோக்கில் எஸ்எஸ்ஓ செஷனின் உச்ச வரம்பு முன்னிருப்பாக 10 மணி நேரம். மூன்று மாதத்துக்கு முன் லாகின் செய்தவருக்கு இன்று அங்கே செஷனே இருக்காது. இல்லாத செஷனை எப்படி முடிப்பது? தவிர, அதை இயக்கினால் யாராவது விக்கியிலிருந்து வெளியேறும்போது அரட்டையிலிருந்தும் சேர்த்து வெளியேற்றப்படலாம். மறையாக்க அறைகள் உள்ள இடத்தில் அது பெரிய தொல்லை. நான் அதை இயக்குவதில்லை.

சினாப்ஸ் கோப்பில் ‘செஷன் லைஃப்டைம்’ என்பதை 7 நாள் என்று வையுங்கள். காலம் முடிந்ததும் செயலி மறுபடி கீகிளோக்குக்கு அனுப்பும். இது மென்மையான வெளியேற்றம், கருவியிலுள்ள மறையாக்கச் சாவிகள் அழியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. லாகின் நேரத்தில்தான் கணக்கிடப்படும். ஆகவே எல்லாரையும் ஒரு முறை வெளியேறி வரச் சொல்ல வேண்டும், ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு.

இந்த 7 நாள் வெறும் பாதுகாப்பு வலை. ஒருவர் போகும் நாளில் செய்ய வேண்டியது வேறு. ஆக்டிவ் டைரக்டரியில் முடக்கியதும், அதே அட்மின் ஏபிஐ-யில் அவர் கணக்குக்கு ‘லாக்ட்’ (பூட்டியது) என்பதை ட்ரூ ஆக்குங்கள். அந்த நிமிடமே செயலி நின்றுவிடும், கணக்கும் அறைகளும் அப்படியே இருக்கும், தவறாகச் செய்திருந்தால் திருப்பிவிடலாம். டீஆக்டிவேட்டுக்கு அவசரப்படாதீர்கள். அவர் மட்டுமே நிர்வாகியாக இருக்கும் அறைகள் எவை என்று முதலில் பாருங்கள். ‘மேக் ரூம் அட்மின்’ என்ற ஏபிஐ அழைப்பு அந்த உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கும். ஆனால் அறைக்குள் அந்த அதிகாரமுள்ள நம் சர்வர் ஆள் ஒருவராவது இருந்தால்தான் அது நடக்கும். டீஆக்டிவேட் செய்தால் அவர் எல்லா அறைகளிலிருந்தும் வெளியேற்றப்படுவார், அப்புறம் அந்த அறைக்கு நிர்வாகியே இல்லை.

கட்டளைவரி:

இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 64 பேரும் ஒரு முறை கீகிளோக் வழியாக வந்துவிட்டார்கள் என்று உறுதியானதும் ‘அலவ் எக்ஸிஸ்டிங் யூசர்ஸ்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். ஒரு குமார் போய், ஆறு மாதம் கழித்து வேறொரு குமார் அதே பயனர்பெயரில் சேர்ந்தால் என்ன ஆகும்? புது ஆள், புது ‘சப்’ எண், அட்டவணையில் பொருத்தம் இல்லை. ட்ரூ என்று இருந்தால் பெயரை மட்டும் பார்த்துப் பழைய குமாரின் கணக்கையே புதியவர் கையில் கொடுத்துவிடும். ஃபால்ஸ் என்று இருந்தால் பெயரோடு எண் ஒட்டிய புதுக் கணக்கு கிடைக்கும். உங்களுக்குத் தலைவலி தந்த அதே எண் ஒட்டு அந்த இடத்தில் சரியான விடை. போனவர்களின் பயனர்பெயரை ஆக்டிவ் டைரக்டரியில் மறுபடி யாருக்கும் கொடுக்காமலிருப்பது இன்னும் நல்லது.

புதுவரவு:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதே அமைப்புதான், ஆனால் எனக்கு லாகினே முடியவில்லை. கீகிளோக்கில் கடவுச்சொல் கொடுத்ததும் திரும்பி வரும் பக்கத்தில் 404.

கட்டளைவரி:

என்ஜின்எக்ஸில் ‘/_மேட்ரிக்ஸ்’ என்று தொடங்கும் பாதையை மட்டும் சினாப்ஸுக்கு அனுப்பியிருப்பீர்கள். திரும்பி வரும் முகவரி ‘/_சினாப்ஸ்/கிளையண்ட்’ என்று தொடங்கும். அதையும் சேர்த்து அனுப்புங்கள். அதன் மேல் அடைவான ‘/_சினாப்ஸ்’ முழுவதையும் திறந்துவிடாதீர்கள், அட்மின் பாதையும் அதற்குள்தான் இருக்கிறது.

புதுவரவு:

404 போய்விட்டது. இப்போது டோக்கன் சரிபார்ப்பு தோல்வி என்கிறது.

சாவிக்கொத்து:

இரண்டு இடங்களைப் பாருங்கள். கீகிளோக் ரியல்மின் (பயனர்களை வைத்திருக்கும் தொகுதி) ஓபன்ஐடி கான்ஃபிகரேஷன் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து ‘இஷ்யூயர்’ (டோக்கன் வழங்கும் முகவரி) வரியைப் படியுங்கள். அது எச்டிடிபிஎஸ் என்று தொடங்காமல் எச்டிடிபி என்று தொடங்கினால், கீகிளோக்குக்குத் தன் முன்னால் ப்ராக்ஸி இருப்பது தெரியவில்லை. ஹோஸ்ட்நேமை முழு எச்டிடிபிஎஸ் முகவரியாகக் கொடுத்து, ப்ராக்ஸி ஹெடர்ஸ் அமைப்பை ‘எக்ஸ்ஃபார்வர்டட்’ என்று வையுங்கள். என்ஜின்எக்ஸும் அந்த ஹெடர்களை அனுப்ப வேண்டும். பழைய வழிகாட்டிகளில் முகவரியின் நடுவே ‘/ஆத்’ என்று இருக்கும். 17-ஆம் பதிப்பிலிருந்து அது முன்னிருப்பில் இல்லை.

அது சரியாக இருந்தால் கடிகாரம். இரண்டு சர்வர்களின் நேரமும் 2 நிமிடத்துக்கு மேல் விலகினால் சினாப்ஸ் டோக்கனை ஏற்காமல் போகலாம். இரண்டிலும் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி ஓடுகிறதா, ஒரே நேர சர்வரைப் பார்க்கிறதா என்று பாருங்கள்.

புதுவரவு:

கடிகாரம்தான். சினாப்ஸ் இருக்கும் மெஷின் 4 நிமிடம் பின்தங்கியிருந்தது. குரோனியை இயக்கியதும் லாகின் ஆகிவிட்டது. நன்றி.

வேர்முனை:

லாக்ட் சோதித்தேன், செயலி உடனே நின்றது. செஷன் லைஃப்டைம் 7 நாள் போட்டாயிற்று. 3 பேர் விடுப்பில் இருக்கிறார்கள். அவர்களும் கீகிளோக் வழியாக வந்ததும் அலவ் எக்ஸிஸ்டிங்கை ஃபால்ஸ் ஆக்கிவிடுகிறேன்.